மாதிரி எண் 2216

ஃபார்மலின் புட்டிக்குள் ஒரு சுட்டுவிரல் வந்தது.
வலது கை. ஆண். வயது ஐம்பத்தாறு.
தொழில்: தோங்காட் சர்க்கரை ஆலை என்று
யாரோ தேவையில்லாமல் எழுதியிருந்தார்கள்.

நகத்தடியில் கறுப்பு. அதற்காகத்தான் எடுத்தார்கள்.
மருத்துவர் கேட்பது ஒன்றுதான்:
வெட்டிய ஓரத்தில் கெட்ட செல் உண்டா?
நான் ரேகைப் பக்கத்திலும் ஒரு துண்டு எடுத்தேன்.
யாரும் கேட்கவில்லை.

மெழுகில் புதைத்து,
தலைமயிரைப் பதினாலாய்ப் பிளந்த கனத்தில் சீவினேன்.
வெந்நீர்த் தட்டில் சுருக்கம் நீங்கி
பாலாடையாய் மிதந்தது.
வெள்ளி உப்பு பட்டதும் நரம்புகள் மட்டும் கறுத்தன.

பிறகு லென்ஸ்.

மேல்தோல் கீழே விரல் நீட்ட
கீழ்த்தோல் மேலே விரல் நீட்ட
இரண்டும் கோத்துக்கொண்டு நிற்கின்றன.
அந்த இடுக்கின் உச்சியில்
தட்டைச் செல்கள், அடுக்கி வைத்த ஆப்பங்கள்.
நடுவே ஒரு நரம்பு
வழி மறந்த எறும்பாய் வளைந்து வளைந்து ஏறுகிறது.
கையிலிருந்து நழுவப்போகும் டம்ளரை
முதலில் அறிவது இதுதான்.
குழந்தை விரலில் நெரிசலாய் இருக்கும்.
ஐம்பத்தாறில், கடைசி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள்போல
அங்கொன்று இங்கொன்று.

மேல்தோலின் அடிவரிசையில் மெர்க்கெல் செல்
தன் நரம்புத் தட்டின்மேல் குந்தியிருக்கிறது.
அழுத்தம் உள்ளவரை
இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது
என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

இன்னும் ஆழத்தில், கொழுப்புக்கு நடுவே
உரிக்காத சின்ன வெங்காயம். ஒரு மில்லிமீட்டர்.
நாற்பது தோல். தோலுக்குத் தோல் நீர்ப்படலம்.
உள்ளே ஒற்றை நரம்பு.
அழுத்திப் பிடித்தே இருந்தால்
தோல்கள் நழுவி இடம் கொடுத்துவிடும்,
நரம்பு மறந்துவிடும்.
தொட்ட கணம், விட்ட கணம், அதிர்வு:
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
என் கல்யாணத்தைப் பற்றி அதைக் கேட்கலாம்.

பதினொரு மணிக்குத் தொலைபேசி.
"குமாரசேன் பதையாச்சி பேசறேன்.
என் விரல் அங்கேதானே இருக்கு?"
பேசியது ஆங்கிலத்தில், ஒரு சொல்லைத் தவிர.
நமைச்சலாம். இல்லாத நுனியில்.
"நேத்து நாலு மணிக்கு எரிஞ்சுது. ஏதாவது செஞ்சீங்களா?"

பதிவேட்டைப் புரட்டினேன்.
நாலு மணிக்கு அது குளிர்பெட்டியில் இருந்தது.
அதைச் சொன்னால்
எரிச்சலுக்கு வீடில்லாமல் போய்விடும்.
"பத்திரமா இருக்கு" என்றேன்.

அந்த விரலால்தான் பாகு பார்ப்பாராம்.
கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு, ஒரு தேய்ப்பு,
மணி கட்டுகிறதா என்று
மீட்டருக்கு முன்னால் தெரிந்துவிடுமாம்.
"இப்போ கட்டைவிரல் மட்டும் போய்ப் போய்ப் பாக்குது.
எதிர்ல ஆளில்ல."

ஓரம் சுத்தம். எனக்குத் தெரியும்.
சொல்லும் உரிமை என் சம்பளத்தில் இல்லை.
"வியாழக்கிழமை டாக்டர் கூப்பிடுவார்" என்றேன்,
எப்போதும் சொல்வதைவிட
ஒரு மணல் அளவு மெதுவாக.
பதம் தெரிந்த மனிதர்.
அரை நொடி நின்றார்.
"சரி" என்றார். "சரி, சரி."

மாலை, வார்விக் நிலையத்தில் ஃபீனிக்ஸ் டாக்சி.
பாட்டின் பேஸ் இருக்கை வழியாக ஏறி
உள்ளிருக்கும் வெங்காயங்களை எல்லாம் எழுப்பியது.
பின்னாலிருந்து தோளைத் தட்டினார்கள்:
மூன்று பேருக்கான சில்லறை.
சூடாக இருந்தது. யாருடைய வியர்வையோ.
நாளெல்லாம் கையுறைக்குள் வெளுத்த கை அதை வாங்கி,
என் காசையும் சேர்த்து முன்னால் நீட்டியது.
முன்னிருக்கைப் பெண் திரும்பவில்லை.
கையை மட்டும் பின்னால் விரித்தாள்.
காசுக்கு அடியில் ஒரு கணம்
நுனியும் நுனியும்.

உம்கேனி பாலம் தாண்டியாயிற்று.
மீதி நாலு ராண்ட்
முன்வரிசையிலிருந்து கை கையாய்
வந்துகொண்டிருக்கிறது.